முத்துப்பிள்ளை கர்ப்பம் என்றால் கருப்பையை எடுக்கத்தான் வேண்டுமா?

“முத்துப்பிள்ளை என்றாலே புற்றுநோய், கருப்பையை எடுத்துவிடுங்கள், இனிக் குழந்தை பிறக்காது.” சிங்கப்பூர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இச்செய்தி தவறு. கருவை இழந்து நிற்கும் பெண்ணை இப்படிப் பயமுறுத்துவது கொடுமையும்கூட.

கரு உண்டாகும்போதே மரபணுக்கள் பிசகி, நஞ்சுக்கொடித் திசு திராட்சைக் கொத்துபோல் நீர்க்கொப்புளங்களாக வளர்வதே முத்துப்பிள்ளை. குழந்தை வேண்டுவோருக்கு அதை உறிஞ்சி எடுப்பதுதான் முதல் சிகிச்சை. கருப்பை அப்படியே இருக்கும்.

பலர் கோட்டைவிடுவது அதற்குப் பிறகு. கர்ப்பத்தில் சுரக்கும் ஹெச்சிஜி ஹார்மோனின் அளவு இயல்புக்கு இறங்கும்வரை ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. மருந்துக்கடைக் கர்ப்பப் பரிசோதனைக் கிட் உதவாது: உண்டு, இல்லை என்றுதான் அது காட்டும், அளவு இறங்குகிறதா, தேங்கிவிட்டதா, ஏறுகிறதா என்று சொல்லாது. இடையில் மீண்டும் கருவுற்றாலும் ஹெச்சிஜி ஏறும். எதனால் ஏறியது என்று அந்தப் பரிசோதனையால் பிரித்தறிய முடியாது. அதனால்தான் மருத்துவர் கண்காணிப்பை முடிக்கும்வரை கருத்தடை.

சிசுவே உருவாகாத முழு முத்துப்பிள்ளையில் 100 பேரில் சுமார் 15 முதல் 20 பேருக்கு அந்தத் திசு கட்டியாகத் தொடரலாம். கட்டியின் ஆபத்தைக் கணிக்கும் ஃபிகோ மதிப்பெண் 6 வரை இருந்தால் பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து ஊசியில் தொடங்குவார்கள். ஏறக்குறைய எல்லோரும் குணமாகிறார்கள். அடுத்த கர்ப்பத்தில் இது திரும்புவது 100-ல் ஏறத்தாழ ஒருவருக்கே. அப்போது தொடக்கத்திலேயே ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.