ஏழாம் மாடியில் ஒரு சலவைப் போட்டி

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் ஏழாம் மாடி நடைபாதை என்றால் பாதி வழி, பாதி துணிக்கொடி. யார் வீட்டில் என்ன கறி என்பது மத்தியானம் தெரிந்துவிடும், யார் வீட்டில் என்ன சவர்க்காரம் என்பது சாயங்காலம் தெரிந்துவிடும். போன சனிக்கிழமை மணியம் அண்ணனும் எதிர்வீட்டு சரசு அக்காவும் பேசியதுதான் இது. ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்க வேண்டாம், அண்ணன் வாயைத் திறந்தால் மூன்றாம் மாடி வரை கேட்கும், முப்பது வருடம் லோரி ஓட்டியவர். அக்கா கீழே காசு போட்டுத் துவைக்கும் டோபிக் கடையில் வேலை பார்க்கிறார்.

மணியம்: சரசு! கொஞ்சம் வெளியே வா. யாரோ எனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள்.

சரசு: காலையிலேயே என்ன அண்ணே? பசியாறினீர்களா இல்லையா?

மணியம்: ரெண்டு ரொட்டி சானாய் ஆயிற்று, அதை விடு. இந்தச் சட்டையைப் பார். நேற்று கல்யாண விருந்தில் சாம்பார் வாளி தூக்கி வந்த பையன் போனைப் பார்த்துக்கொண்டே ஊற்றினான், இலையில் பாதி, என் நெஞ்சில் பாதி. மஞ்சள் கறைதானே என்று பச்சைப் பாக்கெட் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பாகிறது! நாளைக்கு என் மகளுக்கு நிச்சயதார்த்தம். நெஞ்சில் குண்டு பட்டவன் மாதிரி நான் போய் சபையில் உட்கார முடியுமா?

சரசு: (சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து) அண்ணே, ஆலம் சுற்றும் தட்டில் தண்ணீர் எப்படிச் சிவக்கிறது?

மணியம்: மஞ்சள் தூளில் சுண்ணாம்பு போடுவார்கள்.

சரசு: சலவைத் தூளும் சுண்ணாம்பு மாதிரிக் காரம்தான். சாம்பாரில் இருக்கிற மஞ்சள் அதைப் பார்த்ததும் சிவந்துவிட்டது. உங்கள் சட்டைக்கு நீங்களே ஆலம் கரைத்திருக்கிறீர்கள், செய்வினையும் இல்லை ஒன்றும் இல்லை. இருங்கள், அரை மூடி எலுமிச்சம்பழம் கொண்டு வருகிறேன்.

(அக்கா பிழிந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சாறு விழுந்த இடத்தில் சிவப்பு ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டே போய், நடுவில் ஒரு பொட்டு அளவுக்கு நின்று, அதுவும் மஞ்சளாகிவிட்டது. அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.)

மணியம்: சரி, இப்போது பழையபடி மஞ்சள். இதற்குச் சந்தோஷப்படுவதா அழுவதா?

சரசு: நன்றாக அலசி வெயிலில் போடுங்கள். மஞ்சளுக்கு எமன் வெயில்தான். தைப்பூசம் முடிந்த மறுநாள் எங்கள் கடைக்கு வந்து பாருங்கள், பத்துமலையில் 272 படி ஏறிய மஞ்சள் வேட்டியெல்லாம் வரிசையில் நிற்கும். கூடவே வெள்ளைத் துணியைப் போட்டுவிட்டு, வெளியே எடுக்கும்போது என்னைத் திட்டாதவர் பாக்கியசாலி.

மணியம்: நான் முதலிலேயே ஊதா பாட்டில் சலவைத் திரவத்தைப் போட்டிருக்க வேண்டும். சரசு, அது என்ன வாசனை தெரியுமா? இந்தா, மோந்து பார். (தன் நெஞ்சில் படபடவென்று நான்கு தட்டு தட்டுகிறார்.) தட்டினால்தான் வரும். செவ்வாய்க்கிழமை துவைத்தது, இன்னும் வருகிறது!

சரசு: வாசனையைக் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் கூடுகளில் அடைத்து விடுகிறார்கள் அண்ணே, துணியில் ஒட்டிக்கொண்டு இருக்கும், உரசும்போது உடையும். அதற்காக லிஃப்டில் எல்லோர் முன்னாலும் நெஞ்சில் அடித்துக்கொள்ளாதீர்கள். பத்தாம் மாடிப் பாட்டி உங்கள் வீட்டில் யார் போய்விட்டார் என்று என்னிடம் விசாரிக்கிறார்.

மணியம்: விசாரிக்கட்டும். பாட்டிலில் சக்குரா பூ என்று போட்டிருக்கிறது. ஜப்பான் பூ.

சரசு: சக்குராவுக்கு அப்படி ஒன்றும் பெரிய வாசனை கிடையாது.

மணியம்: அப்படியென்றால் இது என்ன வாசனை?

சரசு: தொழிற்சாலை வாசனை. அழுக்கு போனதா என்று மூக்குக்குத் தெரியாது அண்ணே, வாசனைக்கும் அழுக்குக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. உங்கள் மகனின் பந்து விளையாடுகிற சட்டையைக் கேளுங்கள்.

மணியம்: அதை மட்டும் கேட்காதே. துவைத்து எடுத்தால் சக்குரா, போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் ஓடினால் சக்குராவுக்குக் கீழே செத்த எலி.

சரசு: அது பாலியஸ்டர். வியர்வையில் இருக்கிற எண்ணெயை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், பருத்தி மாதிரி லேசில் விடாது. அதோடு நம் ஊர் மழைக்கு வீட்டுக்குள்ளேயே காய வைக்கிறீர்கள், ஈரம் நிற்க நிற்கக் கிருமி குடும்பம் நடத்தும். மேலே வாசனை ஊற்றினால், குளிக்காமல் சென்ட் அடித்துக்கொண்டு பஸ் ஏறுகிற ஆள் மாதிரித்தான்.

மணியம்: நான் அளவாகவா போடுகிறேன்? ரெண்டு மூடி, மனசு கேட்காவிட்டால் மூன்று. நுரை பார்க்க வேண்டும் எனக்கு. காரைக்குடியிலிருந்து என் மச்சான் வந்திருந்தபோது நம் வாஷிங் மெஷினைப் பார்த்து ஆடிப்போய்விட்டார், அங்கே ஒரு பாக்கெட் போட்டாலும் இவ்வளவு நுரை வராதாம்.

சரசு: அவர் வீட்டில் உப்புத் தண்ணீராக இருக்கும், சவர்க்காரத்தில் பாதியை அதுவே விழுங்கிவிடும். இங்கே வருவது உப்பு குறைந்த தண்ணீர், கொஞ்சம் போட்டாலே பொங்கும். நுரைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. முன்பக்கம் கதவு வைத்த மெஷினில் நுரை கூடினால் துணிக்கு மெத்தை போட்ட மாதிரி ஆகிவிடும், விழுந்து புரண்டால்தானே அழுக்கு போகும். மிச்சச் சவர்க்காரம் துணியிலேயே தங்கி அடுத்த வார அழுக்கை வா வா என்று கூப்பிடும். போன மாதம் எங்கள் கடையில் மூன்றாம் நம்பர் மெஷின் வாயில் நுரை தள்ளி நின்றதே, ஞாபகம் இருக்கிறதா?

மணியம்: யார் வேலை அது?

சரசு: கேமராவில் முகம் தெரியவில்லை. நெஞ்சில் தட்டிக்கொண்டே போனார்.

(கொஞ்ச நேரம் அமைதி.)

மணியம்: அது இருக்கட்டும். என் குளியல் துண்டு மட்டும் ஏன் தண்ணீரையே துடைப்பதில்லை? உடம்பில் போட்டால் வழுக்கிக்கொண்டு போகிறது.

சரசு: மிருதுவாக்கும் திரவம் ஊற்றுகிறீர்கள், அது நூலின் மேல் ஒரு பூச்சு பூசிவிடும். வாழையிலைமேல் தண்ணீர் நிற்கிறதே, அந்தக் கதைதான்.

மணியம்: நீ எல்லாவற்றையும் குறை சொல். உன் கடையில் போடுகிற தூள் மட்டும் என்ன உசத்தி? வாசனையும் இல்லை, ஒன்றும் இல்லை.

சரசு: அதில் என்சைம் இருக்கிறது. முட்டை, பால், ரத்தத்துக்கு ஒன்று, சோற்றுக் கஞ்சிக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று. கறையை நறுக்கி நறுக்கித் தண்ணீரில் விடும். தூள் கொண்டு வருகிற பையன் விளக்கமாகச் சொன்னான். 1913ல் ஜெர்மனியில் ரோம் என்பவர்தான் முதலில் சலவைக்கு இதைப் போட்டாராம், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்து.

மணியம்: கணையமா! அப்படியென்றால் வெள்ளிக்கிழமை துணி துவைக்கக் கூடாதா?

சரசு: இப்போது பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிறார்கள் அண்ணே. வெள்ளிக்கிழமை தாராளமாகத் துவைக்கலாம். பட்டுக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். முட்டையும் புரதம், பட்டும் புரதம், அதற்கு வித்தியாசம் தெரியாது, ரெண்டையும் ஒரே மாதிரி தின்னும்.

மணியம்: மெதுவாகப் பேசு.

சரசு: ஏன்?

மணியம்: தீபாவளிக்கு முன்னால் உன் அண்ணியின் அரக்குப் பட்டை உதவி செய்வோமே என்று நான்தான்... சரி விடு. மழையில் நனைந்து மங்கிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும்.

சரசு: அண்ணி வீட்டில் இல்லையா?

மணியம்: மஸ்ஜிட் இந்தியாவுக்குப் போயிருக்கிறாள், தாம்பூலப் பை வாங்க. அவள் வருவதற்குள் ஒரு போட்டி வைப்போமா? பேச்சு வேண்டாம், துணி பேசட்டும். ஒரு பழைய வேட்டியை நான்காகக் கிழிக்கிறேன். என் பச்சை, என் ஊதா, உன் கடைத் தூள், அப்புறம் என் அம்மா ரப்பர் தோட்டத்து லயத்தில் போட்ட கட்டிச் சவர்க்காரம். கித்தா பால் ஒட்டிய சட்டையை அதைப் போட்டு அடித்து, கடைசி அலசலில் நீலம் முக்கி எடுப்பார், வெள்ளை கண்ணைப் பறிக்கும்.

சரசு: நீலம் மஞ்சளை மறைக்கும், அவ்வளவுதான். இப்போது தூளிலேயே அந்த வேலைக்கு ஒரு மருந்து கலக்கிறார்கள், வெயிலில் இருக்கிற புற ஊதாவை வாங்கிக்கொண்டு நீல வெளிச்சமாகத் திருப்பி விடும். துணி வெள்ளையாகத் தெரியும், அதற்காகச் சுத்தம் என்று அர்த்தம் இல்லை.

மணியம்: ஓ! அதுதான் அண்ணன் மகன் பிறந்தநாளில் ஊதா விளக்கைப் போட்டதும் என் பனியன் மட்டும் சட்டைக்குள்ளே எரிந்ததா? நான் நெஞ்சு வலி என்று நினைத்துப் பயந்துபோய்க் கேக் கூடச் சாப்பிடவில்லை.

(அண்ணன் உள்ளே போய் ஒரு வேட்டியோடு வந்தார்.)

சரசு: இதுவா பழையது? மடிப்புக் கூடக் கலையவில்லையே.

மணியம்: மோந்து பார். பாச்சை உருண்டை நாற்றம்! பீரோவில் அடித் தட்டில் கிடந்தது. என் மூக்கு பொய் சொல்லாது, இது என் கல்யாணத்துக்குப் போட்டதாகக் கூட இருக்கும்.

(டர்ர்ர். நான்கு துண்டு. ஒவ்வொன்றிலும் சாம்பார், முட்டை மஞ்சள் கரு, ஆறிப்போன மிலோ. ஓரத்தில் பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு வாளி. முக்கியதும் தேய்க்கப் போன அண்ணன் கையை அக்கா தட்டிவிட்டார், என்சைமுக்கு நேரம் கொடுக்க வேண்டுமாம், அரை மணி நேரம் ஊறட்டும் என்றார். அந்த அரை மணியில் அண்ணன் ஊதா வாளியை மட்டும் ஐந்து தடவை மோந்து பார்த்தார். அலசிக் கொடியில் போடும்போது மணி பத்தரை, நல்ல வெயில். திரும்ப வந்து பார்த்தபோது இரண்டரை, பத்துமலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.)

மணியம்: சரசு, ஓடி வா! மஞ்சளையே காணவில்லை. நான்கிலும் காணவில்லை. என் சட்டையில் கூட இல்லை!

சரசு: நான்தான் சொன்னேனே. வெயில் தின்றுவிட்டது.

மணியம்: அப்படியென்றால் பாட்டிலுக்குக் கொடுத்த முப்பது வெள்ளி?

சரசு: முட்டையைப் பாருங்கள், மிலோவைப் பாருங்கள். மூன்றாம் நம்பர் என் தூள், நான்காம் நம்பர் கட்டிச் சவர்க்காரம். எங்கே மூன்று?

மணியம்: இது ஒன்று. இது நான்கு, இதில் முட்டை அப்படியே நிற்கிறது, மன்னித்துக்கொள் அம்மா. மிச்சம் ரெண்டில் நம்பரே இல்லை.

சரசு: எந்தப் பேனாவால் எழுதினீர்கள்?

மணியம்: வங்கியில் சும்மா கொடுத்தது.

சரசு: அழுக்கோடு நம்பரையும் துவைத்துவிட்டோம். சரி, ஒன்றில் கறை இல்லை, ஒன்றில் மிலோ நிழல் மாதிரி நிற்கிறது. எது என் தூள், எது உங்கள் ஊதா?

மணியம்: இதற்கு மூக்கு போதும். (கறை இல்லாத துண்டை இரண்டு கையாலும் முகத்தில் அழுத்தி) சக்குரா! சந்தேகமே இல்லை, சக்குரா. ஊதா ஜெயித்துவிட்டது!

சரசு: மற்றதையும் மோந்து பாருங்கள்.

மணியம்: (மோந்து) இதுவும் சக்குரா.

சரசு: ஒன்றாம் நம்பர்?

மணியம்: சக்குரா.

சரசு: இந்தத் துடைப்பக் கட்டை?

மணியம்: ...சக்குரா.

சரசு: உங்கள் கை அண்ணே. காலையிலிருந்து அந்த வாளிக்குள்ளேயே கையை விட்டுக்கொண்டிருந்தால் வேறு என்ன வரும்?

(தூறல் ஆரம்பித்தது. ஏழாம் மாடி முழுக்கக் கதவுகள் திறந்து ஆளாளுக்குத் துணியை வாரிக்கொண்டு ஓடுகிறார்கள். அப்போது அண்ணனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அது எங்கள் மாடிக்கே ஒரு வசதி.)

அண்ணி குரல்: ஏங்க, வந்துகொண்டே இருக்கிறேன். பீரோ அடித் தட்டில் நாளைக்கு உங்களுக்கு வாங்கிய புது வேட்டி இருக்கிறது, கரப்பான் கடிக்காமல் பாச்சை உருண்டை போட்டு வைத்தேன். நாற்றம் போகக் கொஞ்சம் வெளியே எடுத்துக் காற்றாடப் போடுங்கள்.

மணியம்: போட்டாயிற்றும்மா. நான்கு இடத்தில் போட்டிருக்கிறேன்.

(போனை வைத்தார். கொடியைப் பார்த்தார். கை தானாக நெஞ்சுக்குப் போனது, ஆனால் தட்டவில்லை.)

மணியம்: சரசு, தூளெல்லாம் இருக்கட்டும். உன்னிடம் ஊசி நூல் இருக்கிறதா?