அண்ணனைக் கைநீட்டிக் காட்டிய சிறப்பு விருந்தினருக்கு

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், நம்ம மாவட்டத்து வாட்ஸப் குரூப் ஒன்று பாக்கியில்லாமல் சுற்றி முடித்துவிட்டது. அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. "திறமை மட்டும் இருந்தால் போதாது பிள்ளைகளே, ஒழுக்கம் வேண்டும், இல்லையென்றால் அதோ நிற்கிறாரே அவரைப் போல உருப்படாமல் போவீர்கள்" என்று பையன்களின் குத்துச்சண்டை நிகழ்ச்சியில் மைக்கில் சொல்லி, முன்னாள் குத்துச்சண்டைக்காரரான எங்கள் அண்ணனைக் கையையும் நீட்டிக் காட்டினாரே சிறப்பு விருந்தினர், அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அண்ணன் அங்கே வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை. காலையிலேயே தன் லோடு ஆட்டோவில் கம்பியும் கயிறும் ஏற்றி வந்து ரிங்கைக் கட்டி முடித்துவிட்டு, பையன்களுக்குக் கையில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு நின்றார். விருந்தினர் சொன்னதற்குப் பெற்றோர் சிலர் கைதட்டினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவரை உருப்பட விடவில்லை. இதை இந்தப் பதிவில் பல தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2012-ல் அண்ணனுக்கு இருபது வயது, 56 கிலோ பிரிவு. இடது கை ஜாப், அதாவது கையை நேராக நீட்டி அடிக்கிற குத்து, எங்கிருந்து வருகிறது என்று எதிராளிக்குத் தெரியவே தெரியாது. அந்த வருடம் லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து எட்டு பேர் குத்துச்சண்டையில் இறங்கினார்கள், மேரி கோம் வெண்கலம் வாங்கினார், அடுத்தது நம்ம காலம் என்று அவர் வயதுப் பையன்கள் எல்லோரும் நினைத்தார்கள். அதே டிசம்பரில், சங்கத் தேர்தலில் குளறுபடி என்று சொல்லி சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கம் இந்தியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. 2014-ல் மொத்தமாகவே நீக்கியது. புதிதாக ஒரு அமைப்பு வந்தது, அது ஒரு வருடம்கூட ஒழுங்காக நிற்கவில்லை, அப்புறம் தற்காலிகக் குழு. 2016 செப்டம்பரில்தான் இப்போதிருக்கிற கூட்டமைப்பு வந்தது. இடையில் நடந்த உலகப் போட்டியில் நம்ம வீரர்கள் இந்தியக் கொடி இல்லாமல் ரிங்கில் ஏறினார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்குக்குக் குத்துச்சண்டையில் போனது மூன்றே பேர், ஒரு பதக்கமும் இல்லை. கோட்டும் சூட்டும் போட்டவர்கள் நாற்காலிக்கு அடித்துக்கொண்ட அந்த நாலு வருடம் ஒரு குத்துச்சண்டைக்காரனுக்கு இருபதிலிருந்து இருபத்து நாலு வயது. அதை யார் திருப்பித் தருவார்கள்? இதில் அண்ணனின் ஒழுக்கம் எங்கே வருகிறது?

அவருக்கு ஒழுக்கம் இருந்ததா என்று என்னிடம் கேளுங்கள். குலசேகரம் பக்கம் அவர் வீட்டில் எல்லோரும் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். விடியும் முன்னாலேயே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அப்பாவோடு ரப்பர் தோட்டத்துக்குப் போய், வெட்டி முடித்து, பாலெடுத்துக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து நாகர்கோவிலுக்குப் பயிற்சிக்கு வருவார். ரப்பர் ஷீட் காயப்போடுகிற கொடியிலேயே அவருடைய கைக்கட்டுத் துணியையும் அம்மா துவைத்துப் போட்டிருப்பார்கள். அந்தத் துணியில் ஷீட் நாற்றம் ஏறி, அவர் கையைத் தூக்கினாலே எங்களுக்கு மூக்கில் அடிக்கும். தங்கச்சி கல்யாணத்துக்கு மறுநாள் சென்னையில் போட்டிக்கு எடை பார்க்க வேண்டும் என்பதால் இலையில் உட்காராமல் பந்தி பரிமாறினார், பாயசத்தை நாக்கில்கூட வைக்கவில்லை. சாயங்காலம் ரயில் ஏறினோம். வெயில் அடங்காத அன்ரிசர்வ்டு பெட்டியில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, சூயிங்கம் மென்று மென்று ஒரு பாட்டிலில் துப்பிக்கொண்டே வந்தார், மிச்ச எடை இறங்குவதற்காக. எதிர் சீட்டில் இருந்த ஒரு அம்மா "பையனுக்கு என்ன வியாதி" என்று என்னிடம் கேட்டார்கள். அப்படிப் போய் அடித்து வாங்கிய சான்றிதழைத்தான், அந்தக் காலத்துச் சங்கத்துக்கு அங்கீகாரம் இல்லை என்று சொல்லி, விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குப் போன இடத்தில் மேஜையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள்.

அவர் குடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். குடித்தார். அந்தச் சான்றிதழ் திரும்பி வந்த பிறகு குடித்தார். அதற்கு முன்னால் சோடா குடித்துக்கூட நான் பார்த்ததில்லை. குடித்தது சரி என்று நான் சொல்லவில்லை. எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதை மாற்றிச் சொல்லாதீர்கள் என்கிறேன். இப்போது அதையும் விட்டு நாளாகிறது, அது யாருக்கும் வீடியோ எடுக்கத் தோன்றவில்லை.

அதே காலத்தில் வேறு சிலர் ஜெயிக்கவில்லையா என்பார்கள். ஜெயித்தார்கள், நல்லது. அவர்களுக்கு ராணுவமோ ரயில்வேயோ ஒரு பெரிய பயிற்சி மையமோ பின்னால் இருந்தது. மேலே பேச ஒன்றுமில்லை.

"டைசனைப் பார், எல்லாம் இருந்தும் தானே கெடுத்துக்கொண்டான்" என்று நேற்றே ஒருவர் கமெண்டில் வந்துவிட்டார். அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரர் மைக் டைசன் பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காக 1992-ல் ஜெயிலுக்குப் போனவர், அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன், எங்கள் அண்ணனை அந்த வரிசையில் வைக்கவும் விடமாட்டேன். ஆனால் இருபது வயதில் உலக சாம்பியன் ஆனவர் டோக்கியோவில் டக்ளஸிடம் விழுந்த கதையைச் சொல்பவர்கள், அவரைப் பிள்ளை மாதிரி வளர்த்த பயிற்சியாளர் கஸ் டமாட்டோ 1985-லேயே இறந்துபோனதையும், அப்புறம் பணம் மோப்பம் பிடித்தவர்கள்தான் சுற்றி நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதினேழு வயதில் உலகப் பட்டம் வென்ற வில்ஃபிரட் பெனிடெஸைப் பற்றியும் பயிற்சிக்கு டிமிக்கி கொடுப்பான் என்றுதான் பேசுவார்கள். மூளை பாதிக்கப்பட்டு இன்று அடுத்தவர் கைத்தாங்கலில் வாழ்கிறார். அந்த உடம்பை அத்தனை வருடம் ரிங்கில் ஏற்றிக் காசு பார்த்தவர்கள் பெயர் யார் வாயிலும் வருவதில்லை.

அமெரிக்கா எதற்கு, நம்ம நாட்டுக்கே வாருங்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் குர்சரண் சிங் காலிறுதியில் கடைசி வினாடிகள் வரை முன்னால் இருந்தார். 12-12 என்று சமமானது, கூட்டிக் கழித்துப் பார்த்து உக்ரைன்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். அரையிறுதிக்குப் போயிருந்தாலே வெண்கலம் உறுதி, 2008-ல் வெண்கலம் வாங்கிய விஜேந்தருக்கு எட்டு வருடம் முன்னாலேயே இந்தியாவின் முதல் குத்துச்சண்டைப் பதக்கம் வந்திருக்கும். டிங்கோ சிங்கை 1998 ஆசியப் போட்டிக்கு முதலில் அணியிலேயே சேர்க்கவில்லை. கடைசியில் சேர்த்தார்கள், பாங்காக்கில் தங்கம் வாங்கினார், வயது பத்தொன்பது. கையில் காயம், சிட்னியில் முதல் சுற்றோடு முடிந்தது. அப்புறம் கல்லீரல் புற்றுநோய் வந்து, சிகிச்சைக்கு வீட்டை விற்று, 2021-ல் 42 வயதில் போய்ச் சேர்ந்தார். அன்று ஆர்.ஐ.பி. போட்டவர்கள் கூட்டத்தில் எத்தனை பேர் அந்த வீடு விற்கும்போது இருந்தார்கள்?

நம்ம ஊரில் ஜெயித்த அன்றைக்கு ஃபிளக்ஸ் வைக்க ஆள் உண்டு. சால்வை போர்த்த ஆள் உண்டு, போட்டோவுக்குத் தோளில் கைபோட ஆள் உண்டு. அண்ணன் மாநிலப் போட்டியில் ஜெயித்து வந்தபோது மாலை போட்டவர்களில் ஒருவர் அந்த மேடையில் அன்றைக்கும் முன் வரிசையில்தான் இருந்தார், விருந்தினர் கை நீட்டியபோது தரையைப் பார்த்தார், வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுந்து நிற்கக்கூட வேண்டாம், "அப்படி இல்லை சார்" என்று உட்கார்ந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். எனக்கு விருந்தினர் மேல் உள்ள கோபத்தைவிட அவர் மேல்தான் அதிகம், ஏனென்றால் விருந்தினருக்குத் தெரியாது, இவருக்கு எல்லாம் தெரியும்.

விருந்தினர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், பிள்ளைகள் திருந்தட்டும் என்று சொன்னார், ஏன் பெரிதுபடுத்துகிறாய் என்று நண்பர்கள் போன் போட்டுச் சொல்கிறீர்கள். நல்ல எண்ணம் இருந்தால் முதலில் அவர் யாரென்று கேட்டிருப்பார். அந்தப் பையன்களுக்குக் கால் வைக்கச் சொல்லிக்கொடுத்தது யார், பத்துப் பேருக்கு மூன்று ஜோடி கிளவ்ஸ் என்றிருந்ததைத் தன் கைக்காசில் கூட்டினது யார் என்று அந்தப் பையன்களிடமே கேட்டிருக்கலாம். அண்ணன் அன்றைக்கு என்னிடம் சொன்னது "விடு மக்கா, பிள்ளையளுக்க முன்னால எதுக்கு" என்று மட்டும்தான். சொல்லிவிட்டு அடுத்த பையனின் கையைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். அவர் விடுவார், அவர் குணம் அது. நான் விடமாட்டேன்.

மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் போனில் கேட்க வேண்டாம், ஆள் விட்டும் கேட்க வேண்டாம். மைக்கில் சொன்னதை மைக்கில், அதே பையன்கள் முன்னால் சொல்லுங்கள். பகலில் அண்ணனுக்கு லோடு இருக்கும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வந்தால் பிள்ளைகளோடு அங்கேதான் இருப்பார்.