எட்டாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுக்கலாம்

எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு வரை வந்தும் தமிழில் ஒரு பத்தியைத் தானாக வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொன்னால், பள்ளிக்கு வெளியே இருப்பவர்கள் நம்ப மறுக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளியில் தமிழ்ப் பாடம் எடுக்கிற யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். கிராமப்புற இந்தியாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் 69.6 சதவீதம் பேருக்குத்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது என்று, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்துப் பார்க்கும் அசர் (ASER) கணக்கெடுப்பின் 2022 அறிக்கை சொன்னது. மீதி இருப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இவர்களுக்கு இன்று நடப்பது என்ன? "மெல்லக் கற்போர்" என்று ஒரு பட்டியல் தயாராகும். கையில் ஒரு மெட்டீரியல் கொடுக்கப்படும். எந்த ஒரு மதிப்பெண் வினா திரும்பத் திரும்ப வரும், எந்தச் செய்யுளை மனப்பாடம் செய்தால் போதும், கடிதத்தில் எந்த வரிகளை அப்படியே எழுதலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். நோக்கம் 35 மதிப்பெண். அந்த 35 வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. பிள்ளை மட்டும் வாசிக்கத் தெரியாமலேயே பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு வெளியே போகும். இது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தர முடியும். கஷ்டமான வேலைதான். ஆனால் அதை வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும், மனப்பாடத்தைப் போட்டு மூடக் கூடாது.

முதலில் இந்தப் பிள்ளைகள் யார் என்று பாருங்கள். 2020-21இல் மூன்றாம் வகுப்பில் பெயர் இருந்த குழந்தை 2025-26இல் எட்டாம் வகுப்பு. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுப் பள்ளிகள் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. எழுத்து கைக்கு வர வேண்டிய வயதில் இவர்களுக்குப் பள்ளியே இல்லை. 2022 ஜூனில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும். அப்போது இவர்கள் ஐந்தாம் வகுப்பு. அடுத்த ஆண்டு அது நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. அப்போது இவர்கள் ஆறாம் வகுப்பு. திட்டம் ஒவ்வொரு முறையும் இவர்களுக்குப் பின்னால் வந்து நின்றது. கொரோனா கால இடைவெளியை நிரப்ப அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தாங்கிப் பிடித்தார்கள், அதை மறக்கக் கூடாது. 2025-26இல் ஆறு முதல் ஒன்பது வரை, அடிப்படையில் பின்தங்கியவர்களுக்கான திறன் இயக்கம் வந்தது. வரவேற்கிறேன். ஆனால் கையேடு வந்தால் மட்டும் போதாது, எட்டாம் வகுப்பு ஆசிரியருக்கு எழுத்துக் கூட்டக் கற்பிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் படித்த பி.எட். படிப்பில் யாப்பும் அணியும் எப்படி நடத்துவது என்று சொன்னார்கள். 'கொ' என்ற எழுத்தை 'கெ' என்று வாசிக்கும் பிள்ளையை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

அந்தக் 'கொ'வைக் கொஞ்சம் பாருங்கள். ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, க நடுவில், துணைக்கால் பின்னால். வாயில் முதலில் வருவது க் என்ற ஒலி, கண்ணில் முதலில் படுவது கொம்பு. திணறுகிற பிள்ளை கொம்பையும் கவையும் பார்த்தவுடன் 'கெ' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். கொடு என்பது கெடு ஆகும், போ என்பது பே ஆகும். கௌரவம் என்று எழுதினால் ஔகாரக் குறியில் இருக்கும் ள வடிவத்தைத் தனி எழுத்தாக எடுத்து, கெ-ள-ர-வம் என்று வாசிக்கும். பிள்ளையின் அறிவில் எந்தக் குறையும் இல்லை, கண் போகிற வரிசையும் ஒலி வருகிற வரிசையும் ஒத்துப்போகவில்லை. இதை யாராவது ஒரு தடவை உட்கார்ந்து விளக்கியிருந்தால் மூன்றாம் வகுப்பிலேயே தீர்ந்திருக்கும்.

உகர, ஊகார வரிசை இன்னும் மோசம். மற்ற உயிர்களுக்கு ஏறக்குறைய ஒரே குறிதான், எந்த மெய்யோடும் சேரும். உகரத்துக்கு அப்படி ஒரு பொதுக்குறி கிடையாது. கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, மு ஒரு மாதிரி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, னா, லை, ளை எல்லாம் மற்ற எழுத்துகளைப் போலச் சீராகிவிட்டன. உகர, ஊகாரங்களை அப்போது யாரும் தொடவில்லை. அதனால் இந்த இரண்டு வரிசையையும் தனியாக எடுத்து, ஒரே மாதிரி வளைகிற எழுத்துகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துத்தான் நடத்த வேண்டியிருக்கிறது. கன்னட எழுத்துகளைப் பிள்ளைகள் கற்கும் வேகத்தை சோனாலி நாக் ஆராய்ந்திருக்கிறார். இந்திய மொழிகளின் எழுத்து வரிசை பெரிது, அதனால் நான்காம், ஐந்தாம் வகுப்பு வரைகூட எழுத்துக் கற்றல் நீள்கிறது என்பது அந்த ஆய்வுகளில் தெரிகிறது. அந்தக் காலத்தில் இரண்டு ஆண்டுகள் பறிபோனால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஒரு பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்று மொத்தமாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு மாணவி, நோட்டில் அச்சடித்தாற்போல் எழுதுவாள். கரும்பலகையில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் பார்த்து எழுதிவிடுவாள். எழுதிய அதே பக்கத்தை வாசிக்கச் சொன்னால் தலை குனிந்துவிடும். நோட்டுத் திருத்துகிறவர்கள் வருடக்கணக்கில் 'நன்று' போட்டிருக்கிறார்கள். பார்க்காமல் ஒரு சொல் எழுதச் சொன்னேன், பள்ளிக்கூடம். 'பளிகுடம்' என்று எழுதினாள்.

இதைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் எல்லாத் தகவலும் இருக்கிறது. ஏழு எழுத்தில் ஐந்து வந்திருக்கிறது. ப, ளி, ட, ம் எல்லாம் சரியான இடத்தில் இருக்கின்றன, ழகர ளகரக் குழப்பம்கூட இல்லை. விட்டுப்போனது இரண்டு ஒற்று, ள், க். நெடில் கூ, குறில் கு ஆகியிருக்கிறது. அப்படியென்றால் இவளுக்கு எழுத்து வடிவம் தெரியும். அரை மாத்திரை ஒற்றும் நெடிலின் நீளமும் காதில் பிரிந்து விழவில்லை. இவளுக்கு அ, ஆவிலிருந்து தொடங்குவது வீண். இவளோடு கை தட்டிச் சொல்லிப் பார்க்க வேண்டும், ப-ள்-ளி-க்-கூ-ட-ம் என்று. நெடிலுக்குக் கையை இழுக்க வேண்டும், ஒற்றுக்கு விரலால் மேசையில் ஒரு சின்னத் தட்டு. அப்புறம் எழுத்து அட்டைகள். பாடம் என்று அடுக்கி, காலை எடுத்தால் படம். நடுவில் ஓர் ஒற்று சேர்த்தால் பட்டம். கடைசி எழுத்தை மாற்றினால் பட்டன். முதலில் கால் போட்டால் பாட்டன். ஒரு நேரத்தில் ஓர் எழுத்துதான் மாறும். எது மாறியது, ஒலியில் எது மாறியது என்று அவளே சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு ரொம்பச் சின்ன வேலை. ஊகித்து வாசிக்கும் பழக்கத்தை, அதாவது முதல் எழுத்தைப் பார்த்தவுடன் 'மருத்துவர்' என்பதை 'மரத்தடி' என்று அடித்துவிடும் பழக்கத்தை, இந்தச் சின்ன வேலைதான் உடைக்கிறது.

இம்போசிஷனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தப்பாக எழுதிய சொல்லைப் பத்துத் தடவை எழுது என்பதில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. மூன்றாவது தடவையிலிருந்து கை மட்டும்தான் ஓடும். சில பிள்ளைகள் முதலில் எல்லா வரியிலும் 'ப' போடுவார்கள், பிறகு எல்லா வரியிலும் 'ள்'. அங்கே எழுதப்படுவது சொல்லே இல்லை. அதற்குப் பதில் தினமும் ஐந்தே சொல், பார்க்காமல், வாயால் பிரித்துச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். தப்பை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

பெரிய பிள்ளைகளிடம் ஒரு வசதி உண்டு. ஆறு வயதுக் குழந்தைக்கு விதி புரியாது, இவர்களுக்குப் புரியும். ண, ன, ந மூன்றில் எது என்று தவிக்கிறவர்களிடம், ட வருவதற்கு முன் ண் (வண்டி), ற வருவதற்கு முன் ன் (கன்று), த வருவதற்கு முன் ந் (பந்து), சொல்லின் முதலில் எப்போதும் ந என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். இவ்வளவு நாளும் இதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல எழுதிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இது இன எழுத்து என்று ஆறாம் வகுப்பு இலக்கணத்திலேயே இருக்கிறது. மதிப்பெண்ணுக்காக நடத்துகிறோம், எழுத்துப்பிழை திருத்த எடுத்துப் பயன்படுத்துவதில்லை. ல, ள, ழவுக்கு இவ்வளவு சுலபமான வழி கிடையாது. சொல்லைப் பார்த்துப் பார்த்து, வாசித்து வாசித்துத்தான் வர வேண்டும். அதனால் ஒற்றும் நெடிலும் நிலைப்படுகிற வரை அதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

எதை வாசிக்கக் கொடுப்பது என்பதில்தான் நம் பள்ளிகள் ரொம்பச் சொதப்புகின்றன. மீசை அரும்பும் பையனிடம் முயலும் ஆமையும் படம் போட்ட ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால், அவன் படிக்க மாட்டான், மறுநாள் பள்ளிக்கே வர மாட்டான். எழுத்து ஒன்றாம் வகுப்பு எழுத்தாக இருக்கலாம், விஷயம் அவன் வயதுக்கு இருக்க வேண்டும். தொண்ணூறுகளில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கம் இதைப் புரிந்துவைத்திருந்தது. பட்டா போன்ற, பெரியவர்கள் வாழ்க்கையில் புழங்குகிற சொற்களை வைத்துப் பாடம் எழுதினார்கள். புதுக்கோட்டையில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் பெண்கள். கற்க வந்தவர்களைப் பெரியவர்களாக நடத்தியதால்தான் அவர்கள் வந்தார்கள். எங்கள் மாணவன் ஒருவனுக்கு ஓட்டுநர் பழகுநர் உரிமத் தேர்வின் கேள்விகளை வாசிக்க வேண்டும் என்று ஆசை. அதற்கு வயது வர இன்னும் வருடங்கள் இருக்கின்றன. சரி, அதையே எடுப்போம் என்று முடிவு செய்தோம். 'வளைவில் முந்தாதே' என்பதில் எத்தனை ஒற்று என்று எண்ணினோம். பேருந்துப் பலகை, நகைக்கடன் ரசீது, கபடிப் போட்டி நோட்டீஸ், எல்லாமே பாடம்தான். ஒரே பத்தியை நாலு நாள் திரும்ப வாசிக்கலாம். முதல் நாள் தடுமாறியது நாலாம் நாள் ஓடும்போது, அந்த ஓட்டம் அவர்களுக்கே காதில் கேட்கும்.

சத்தமாக வாசிக்கச் சொல்லி முழு வகுப்பின் முன் நிறுத்தாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஓர் இணையோடு, ஓரமாக, அல்லது ஆசிரியரிடம் மட்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு வகுப்பைவிட்டு எழுப்பிப் போவதும் வேண்டாம்.

சிலருக்கு டிஸ்லெக்சியா என்ற, வாசிப்பைச் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு இருக்கும், அதை முறைப்படி பரிசோதிக்க வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருக்கிறது, தேர்வில் சொல்வதை எழுதுபவர் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. அந்த உரிமையை விடவே கூடாது. ஆனால் எழுதுபவர் தேர்வு அறையோடு நின்றுவிடுவார். அந்தப் பிள்ளைக்கும் ஒலி பிரித்து, எழுத்துச் சேர்த்து, படிப்படியாகக் கற்றுத்தர வேண்டியது மற்றவர்களைவிட அதிகம்.

போர்ஷன் எப்போது முடிப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, எனக்கும் அதே நெருக்கடிதான். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு நாம் முடிக்கும் போர்ஷன் எதுவும் போய்ச் சேர்வதில்லை. அறிவியலிலும் சமூக அறிவியலிலும் அந்தப் பிள்ளை தோற்பது தமிழ் வாசிக்கத் தெரியாததால்தான். அதனால் இதைத் தமிழாசிரியர் தலையில் மட்டும் கட்டக் கூடாது. தலைமை ஆசிரியர் நினைத்தால் தினமும் அரை மணி நேரம் ஒதுக்க முடியும், எல்லாப் பாடவேளையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து. மாலை சிறப்பு வகுப்பாக வைத்தால் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். காலையில், எல்லோரும் பள்ளியில் இருக்கும் நேரத்தில் வையுங்கள். ஆறேழு பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம்.

ஊகார வரிசையை நடத்த இன்னும் நல்ல வழி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நூ, மூ, லூ, றூ என்று வரும்போது வாசித்துவிடுகிறார்கள், எழுதும்போது நழுவிவிடுகிறது. பெரிய வகுப்பில் இதைக் கற்பித்துப் பலன் கண்டவர்கள் எந்த எழுத்தில் தொடங்கினீர்கள், எந்த வரிசையில் போனீர்கள் என்று எழுதுங்கள்.