மாட்டு டாக்டருக்கும் தூக்கம் வராத இரவு உண்டு

போன வாரம் மாலை ஏழு மணிக்கு ஒரு லாப்ரடாரைக் கருணைக்கொலை செய்தேன். பதினான்கு வயது, சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. ஊசி போட்டு, ஸ்டெத் வைத்து, துடிப்பு நின்றுவிட்டது என்று நான் சொன்ன பிறகும் அந்த அம்மா அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். கை கழுவிவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். ஒரு பூனைக்குட்டி, முதல் தடுப்பூசி. கொண்டுவந்த பையன் சிரித்தான், நானும் சிரித்தேன்.

இரண்டு அறைக்கும் நடுவில் பத்தடிதான். அதற்குள் முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பதினெட்டு வருஷமாக இதைச் செய்கிறேன்.

அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை இறந்துபோன கால்நடை மருத்துவர்களின் பதிவுகளை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் தற்கொலையால் இறந்தவர்கள் ஆண் மருத்துவர்களில் 2.1 மடங்கு, பெண் மருத்துவர்களில் 3.5 மடங்கு. எந்த ஒரு சாவுக்கும் ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் இந்தத் தொழிலின் பாரம் என்னவென்று எங்களுக்குத் தெரியும். நள்ளிரவு அழைப்பு, பணமில்லாமல் நிற்கும் உரிமையாளர், கைமீறிப் போன உயிர், அப்புறம் கூகுளில் ஒற்றை நட்சத்திரம்.

நாயையும் பூனையையும் பயமுறுத்தாமல் கையாளச் சொல்லித்தந்த அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சோபியா யின் 2014இல் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வருஷமே 'நாட் ஒன் மோர் வெட்' என்ற முகநூல் குழுவை நிக்கோல் மெக்ஆர்தர் என்ற கால்நடை மருத்துவர் தொடங்கினார். இன்னொரு மருத்துவரை இழக்கக் கூடாது என்பதுதான் பெயரின் பொருள். பிரிட்டனில் 'வெட்லைஃப்' என்ற அமைப்பு எங்கள் துறையினருக்கென்றே இரவு பகலாக உதவி எண் நடத்துகிறது.

நம் கால்நடை மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுக்களைப் பாருங்கள். மருந்து அளவு, இடமாறுதல், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் வரும். "இன்று என்னால் முடியவில்லை" என்று யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா?

என் வகுப்புத் தோழன் ஒருவன் ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் இருந்தான். ஒரு பசுவுக்குக் கன்று மாட்டிக்கொண்டது. இரவு முழுக்கப் போராடியும் தாயும் கன்றும் பிழைக்கவில்லை. அந்த வீட்டுக்குப் பால் காசுதான் வருமானம். மாட்டுக்காரர் இவன் சட்டையைப் பிடித்துவிட்டார். யாரோ அதை வீடியோ எடுத்து ஊர்க் குழுவில் போட்டுவிட்டார்கள். ஒரு மாதமாக இவன் போனை எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தபோது சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "டேய், செத்துடலாம்னு தோணுதாடா?"

ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "தோணுதுடா" என்றான்.

அன்றிரவே பஸ் ஏறினேன். மறுநாள் காலை மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் அறைக்கு வெளியே அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாத்திரை, ஆலோசனை, மூன்று மாத விடுப்பு. இப்போது வேலையில் இருக்கிறான்.

இப்படி நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்டால் பேசுவதற்கு ஒரு வழி திறக்கிறது, அவ்வளவுதான்.

14416, டெலி மனஸ். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசு உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நம் சங்கங்களும் கல்லூரிகளும் நமக்கென்று ஒரு எண் தொடங்கும்வரை இதையாவது ஒவ்வொரு மருந்தகச் சுவரிலும் ஒட்டுங்கள்.

நண்பர்களே, என் நம்பர் உங்களிடம் இருக்கிறது. கன்று மாட்டிக்கொண்டால் நடுராத்திரியில் கூப்பிடுகிறீர்கள் இல்லையா? இதற்கும் அதே மாதிரி கூப்பிடுங்கள்.