பிஆர் கிடைக்குமா என்றுதான் கேட்க வேண்டுமா?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பிள்ளை வெளிநாடு போகிறது என்றால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எந்த நாடு, ஆர் கூப்பிட்டது, பிஆர், அதாவது நிரந்தர வதிவிட உரிமை, கிடைக்குமா? என் சித்தியின் மகளிடம் இதற்கெல்லாம் பதில் இல்லை. கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறவள். நேபாளத்தில் கொஞ்ச நாள், பிறகு வியட்நாம், அப்புறம் பார்க்கலாம் என்றாள். "அப்ப ஊர் சுத்தப் போறாள்" என்று சொந்தக்காரர்கள் முடித்துவிட்டார்கள்.

எனக்குச் சரியான கோபம் வந்தது.

நம் சனம் இதுவரை போனது உயிர் தப்ப, இல்லையென்றால் உழைக்க. 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு போனவர்களில் எத்தனை பேர் ஆசைப்பட்டு நாட்டைத் தெரிவு செய்தார்கள்? ஏஜென்சிக்காரன் எங்கே இறக்கிவிட்டானோ அங்கேயே வாழ்ந்தவர்கள்தான் நிறையப் பேர். என் பெரியப்பா பாரிஸில் அகதியாகப் பதிந்தவர். அவருக்குக் கொடுத்த பயணப் புத்தகத்தில் மற்ற நாடுகளுக்குப் போகலாம், இலங்கைக்கு மட்டும் வர முடியாது. அப்பம்மா செத்தபோது போனில் அழுதார். மூத்த மகன் அவர், கொள்ளி வைத்தது என் அப்பா. பிறகு 2022 பொருளாதார நெருக்கடி. பெற்றோலுக்கும் காஸுக்கும் நின்ற அதே சனம் பத்தரமுல்லையில் பாஸ்போர்ட்டுக்கும் விடிய விடிய நின்றது. அங்கேயும் உலகம் பார்க்கும் ஆசையில் நின்றவர்கள் குறைவு.

இப்படி வந்த குடும்பத்தில் ஒருத்தி, யாரும் துரத்தாமல், நினைத்தால் திரும்பி வரலாம் என்ற தைரியத்தோடு கட்டுநாயக்கவில் விமானம் ஏறுகிறாள். பெரியப்பாவுக்குக் கிடைக்காதது அதுதான். அதை எப்படி ஊர் சுற்றல் என்று தள்ளிவிட முடியும்?

இப்போது நேபாளத்தில், பொக்கராவில் ஏரிக்கு அருகே ஒரு வீட்டில் அறை எடுத்திருக்கிறாள். அந்த வீட்டம்மா பருப்பும் சோறும் போட்டு, பக்கத்தில் குந்துருக் வைப்பாராம். கீரையைப் புளிக்கவிட்டு வெயிலில் காயவைத்துச் செய்வது. முதலில் அந்தப் புளிப்பு வாசம் பிடிக்கவில்லை, இப்போது கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். வீடியோ கோலில் அதைக் காட்டும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கொழும்பில் நான் பார்த்ததில்லை.

நம் தெற்குக் கடற்கரையில், வெலிகமவில் லப்டொப்போடு மாதக்கணக்கில் இருக்கும் வெள்ளைக்காரரை நாம் ஊர் சுற்றி என்று சொல்வதில்லை. அவர் ஒன்லைனில் 30 நாள் விசா எடுக்கிறார், வேண்டுமென்றால் நீட்டிக்கிறார். நம் பிள்ளை நேபாளம், சிங்கப்பூர், மாலைதீவு என்றால் லேசாகப் போகலாம். ஐரோப்பா என்றால் ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ கட்ட வேண்டும். நிராகரித்தாலும் திருப்பித் தரமாட்டார்கள். 30,000 யூரோவுக்குக் காப்புறுதி, வங்கிக் கூற்று, வேலைக் கடிதம், சிலர் காணி உறுதியையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். திரும்பி வருவேன் என்று இத்தனை தாளில் காட்ட வேண்டும். வெளியில் இவ்வளவு கதவு அடைத்திருக்கும்போது வீட்டுக் கதவையும் நாமே அடைப்பது அநியாயம்.

சித்தியின் பயம் எனக்கு விளங்குகிறது. தனியாக இருக்கிற பெண்பிள்ளை, ஒரு காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? அதைக் கேளுங்கள். காப்புறுதி இருக்கிறதா, கையில் எவ்வளவு இருக்கிறது, தங்கும் விலாசம் என்ன என்று கேளுங்கள். கலியாணத்தைச் சொல்லி மடக்காதீர்கள். ஹனோய் போகக் காசு போதாவிட்டால் நான் தருகிறேன் என்று சித்தியிடமே சொல்லிவிட்டேன்.