வெண்பாவை விட்டுவிட்டீர்களே!
2023இன் சிறந்த வீடியோ கேம்கள் என்ற உங்கள் பட்டியலில் பால்டர்ஸ் கேட் 3க்கு முதலிடம் கொடுத்திருக்கிறீர்கள். மறுப்பில்லை, நூறு மணி நேரம் ஆடியும் எனக்கு அலுக்கவில்லை. ஆனால் 'வெண்பா' என்ற கேம் எங்கே? டொராண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனம் அதை ஜூலை இறுதியில் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. கதைநாயகி வெண்பாவின் அம்மா தந்த சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்தழிந்து கிடக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறும் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். நான் தவறாக அடுக்கினேன். பக்கத்தில் இருந்த என் அம்மா, "மேல் தட்டைத் திருப்பி வைடா" என்றார். கேம் என்றாலே எழுந்து போய்விடுபவர், கடைசிவரை நகரவில்லை. வெண்பாவின் மகன் கவின் தமிழுக்குத் தடுமாறும் இடத்தில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.