அந்தப் பத்து நிமிடம்

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லோரும் பார்த்தாயிற்று, ஆளாளுக்குத் தீர்ப்பும் சொல்லியாயிற்று. வீறிட்டு அழும் கைக்குழந்தையைத் தொட்டிலில் விட்டு, கதவைச் சாத்திவிட்டு, வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டார் அந்த அம்மா. "இவளெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டவர்களில் பலர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

அவர் செய்தது சரி. கோபத்தில் சொல்லவில்லை, குழந்தைநல மருத்துவர்கள் சொல்லிக்கொடுக்கும் முறையே அதுதான். பால் கொடுத்தாயிற்று, டயப்பர் மாற்றியாயிற்று, ஏப்பம் விடவைத்தாயிற்று, தோளில் போட்டு நடந்தாயிற்று. அப்படியும் அழுகை ஓயவில்லை, நம் பிடி இறுகுகிறது, பல்லைக் கடிக்கிறோம் என்றால் குழந்தையைக் கீழே வைத்துவிட வேண்டும். மல்லாக்க. அமுங்காத, சமமான படுக்கையில். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கதவைச் சாத்திவிட்டு 5 முதல் 10 நிமிடம் வெளியே இருக்கலாம், போனில் டைமர் வைத்துக்கொண்டு. திரும்பிப் போய்க் குழந்தையைப் பார்க்க வேண்டும். அப்போதும் கை நடுங்கினால் தூக்காமல் யாரையாவது கூப்பிட வேண்டும்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறார்கள்? பச்சிளம் குழந்தைக்குத் தலை கனம், கழுத்துத் தசையில் பலம் இல்லை. பிடித்துக் குலுக்கினால் மூளை மண்டையோட்டுக்குள் முன்னும் பின்னும் போய் வரும். மூளையைச் சுற்றியுள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் கிழியும், விழித்திரையில் ரத்தம் கசியும். சில நொடிகள் போதும். பார்வை போகலாம், உயிரே போகலாம். குலுக்கியவர்களில் பெரும்பாலோர் கொடூரர்கள் இல்லை. அழுகையை நிறுத்த வழி தெரியாமல் ஒரு கணம் நிதானம் தவறியவர்கள். அந்தக் கணத்தில் குழந்தை கையில் இல்லாமல் பார்த்துக்கொண்டார் அந்த அம்மா. அதற்குத்தான் இத்தனை வசவு.

"வளர்ப்பு சரியில்லை, அதனால்தான் அழுகிறது" என்று ஒரு பெரியவர். ஐயா, 1962-இல் பிரேசல்டன் என்ற குழந்தைநல மருத்துவர் 80 குழந்தைகளின் அழுகையைப் பெற்றோரைக் கொண்டே குறிக்கவைத்தார். எல்லாம் நல்ல ஆரோக்கியமான குழந்தைகள். ஆறாவது வாரத்தில் அழுகை உச்சத்துக்குப் போனது, நாளுக்குக் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். அதிகமும் சாயங்காலத்துக்கு மேல்தான். மூன்றாவது மாதவாக்கில் தணிந்தது. யார் தூக்கினாலும் அழும், தூக்காவிட்டாலும் அழும் குழந்தைகள் உண்டு.

"ஏதாவது வலியில் அழுதிருந்தால்?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். இது நியாயமான கேள்வி. கீழே வைக்கும் முன் துணியை அவிழ்த்து முழு உடம்பையும் பாருங்கள். கால் விரலில் தலைமுடி ஒன்று சுற்றி இறுகியிருக்கலாம். விரல் சிவந்து வீங்கிய பிறகுதான் கண்ணில் படும். ஆண் குழந்தையின் குறியையும் அப்படியே பாருங்கள். தொடை இடுக்கில் வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்: மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காட்டினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, உச்சிக்குழி புடைத்திருப்பது, துவண்டு கிடப்பது, வழக்கமில்லாத கீச்சென்ற அழுகை, எதுவானாலும் உடனே மருத்துவமனைதான். இதெல்லாம் இல்லை என்றால் பத்து நிமிட அழுகை குழந்தையை ஒன்றும் செய்துவிடாது.

"நாங்களெல்லாம் நாலு பெற்று வளர்க்கவில்லையா?" வளர்த்தீர்கள். வாழ்க.

"அமைதியாக இருக்கப் பழக வேண்டும்" என்கிறவர்களுக்கு: 1997-இல் வந்த ஓர் ஆய்வில், 17 மணி நேரம் தூங்காமல் இருந்தவரின் கையும் கவனமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவருக்குச் சமமாகத் தடுமாறின. இந்த நிலையில் இருப்பவரிடம் போய்ப் பொறுமையைப் போதிக்கிறீர்கள். அவருக்கு வேண்டியது தூக்கம். இரவை இரண்டாகப் பிரியுங்கள்: 9 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் 7 வரை இன்னொருவர். முறை இல்லாதவர் வேறு அறையில், காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். தாய்ப்பால் என்றால் குழந்தையைக் கொண்டுவந்து குடிக்கவைத்து, ஏப்பம் விடவைக்கும் வேலையோடு தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். ஒரே அறையில் படுத்துக்கொண்டு "நீ தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது பேச்சுக்குத்தான் உதவும். குழந்தையை வைத்திருப்பவரும் காதை அடைத்துக்கொள்ளலாம்; அழுகை கேட்கும், அந்தக் கூர்மை மட்டும் குறையும்.

தூங்கிய குழந்தையைப் படுக்கவைத்ததும் விழித்துக்கொள்கிறதா? 2022-இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வகம் சொன்னது: தூக்கிக்கொண்டு நிற்காமல் 5 நிமிடம் நடங்கள், தூங்கியதும் இன்னும் 5 முதல் 8 நிமிடம் கையிலேயே வைத்து உட்காருங்கள், அப்புறம் கிடத்துங்கள். தூக்கம் ஆழமாகும் முன் உடம்பிலிருந்து பிரித்தால்தான் விழிப்பு. ஆனால் சோபாவில் உட்காராதீர்கள். அங்கே கண் அயர்ந்தால் குழந்தை நமக்கும் மெத்தைக்கும் நடுவே சிக்கி மூச்சு முட்டும்.

வாயுவுக்கான சிமெதிகோன் சொட்டு மருந்து இந்த அழுகைக்கு மருந்தே கலக்காத வெற்றுச் சொட்டைவிட மேலாக வேலை செய்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. விற்பனை மட்டும் ஜோர்.

எனக்குத் தெரிந்த ஒரு அப்பா இதே மாதிரி குழந்தையைக் கீழே வைத்துவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஏதோ திருடியதைச் சொல்வதுபோல. மருத்துவமனையில் சொல்லி அனுப்பியதைத்தான் செய்திருந்தார். அவரை அப்படிக் கூனிக்குறுக வைத்தது நீங்கள்தான், உங்கள் "இவளெல்லாம்" தான்.

இன்னொன்று. அந்த வீடியோவை எடுத்தது யார்? இத்தனை தீர்ப்பில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. அந்த வீட்டில் அந்த நேரத்தில் விழித்துக்கொண்டு, இரண்டு கையும் சும்மா இருந்த ஒரு ஆள் இருந்திருக்கிறார். உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கியிருக்கலாம். போனைத் தூக்கினார். அவரை யாரும் "இவரெல்லாம்" என்று கேட்கவில்லை. வைரலாக்கிவிட்டீர்கள்.

அந்த அம்மா சாப்பிட்டாரா, பிரசவத்துக்குப் பிறகு யாராவது அவர் மனநிலையைக் கேட்டார்களா? பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய, பத்தே கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் 1987-லிருந்து இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலே அன்றைக்கே போக வேண்டும். அப்பாக்களுக்கும் இந்த மனச்சோர்வு வரும்.

அவரை நேரில் தெரிந்தவர்கள் இதைப் படித்தால், அறிவுரை வேண்டாம். இன்றிரவு 9 மணிக்குப் போய்க் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். டயப்பர் எங்கே, மாற்றுத்துணி எங்கே என்று அவர் படுக்கப் போகும் முன்பே கேட்டுவிடுங்கள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.